இதயம் பலவீனமானவருக்குப் பக்கவாதம் வருமா? முன்கூட்டியே கணிக்கும் வழி

[திரையில்: எக்கோ படம், மெதுவாகத் துடிக்கும் இதயம்]

வணக்கம். "ஹார்ட் வீக்கா இருக்கு, பம்பிங் 30 சதவீதம்தான்." எக்கோ எடுத்த பிறகு டாக்டர் இப்படிச் சொன்னால் மூச்சுத்திணறலும் கால் வீக்கமும்தான் வீட்டில் பேச்சாகிவிடும். மூளையை யாரும் நினைப்பதில்லை. ஆனால் இதயச் செயலிழப்பு, அதாவது இதயம் பலவீனமாகி ரத்தத்தைச் சரியாகத் தள்ள முடியாத நிலை, உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

ஏன்? தேங்கிய குட்டையில் பாசி பிடிக்கும் இல்லையா, அதைப்போல நகராமல் நிற்கும் ரத்தம் கட்டிதட்டும். இதயத்தின் இடது மேலறையை ஒட்டி ஒரு சின்னப் பை தொங்குகிறது. ரத்தம் தேங்க வசதியான மூலை அது. மாரடைப்பில் அடிபட்டு அசையாமல் போன கீழறையின் நுனியும் அப்படித்தான். அங்கே உருவாகும் கட்டி பிய்த்துக்கொண்டு கிளம்பினால் நேராக மூளைக்கே போய்விடலாம்.

[திரையில்: சீரான இசிஜி, கீழே தாறுமாறான இசிஜி]

இதில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, துடிப்பு சீராக இருக்கிறதா என்பதுதான். மேலறை துடிக்காமல் வெறுமனே நடுங்கும் நிலைக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று பெயர். இது இருந்தால் டாக்டர்கள் 'சாட்ஸ்-வாஸ்க்' என்ற ஸ்கோரைப் போடுவார்கள். 68 வயது ஆண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இதயச் செயலிழப்புக்கு 1, பிபிக்கு 1, சுகருக்கு 1, வயதுக்கு 1. மொத்தம் 4. 75 வயதைத் தாண்டியிருந்தால் வயதுக்கே 2 புள்ளி. முன்பு பக்கவாதம் வந்திருந்தால் அதற்கும் 2. இரண்டு புள்ளி வந்தாலே ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைப் பரிந்துரைக்கிறார்கள். பெண் என்பதற்காகத் தனியாக ஒரு புள்ளி கொடுத்து வந்தார்கள். 2024 ஐரோப்பிய வழிகாட்டுதல் அதை எடுத்துவிட்டது.

சரி, துடிப்பு சீராக இருந்தால் கவலை இல்லையா? இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. டென்மார்க்கில் சுமார் 43,000 இதயச் செயலிழப்பு நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். அதே ஸ்கோர் 4 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களில், துடிப்பு சீராக இருந்தவர்களுக்கும் ரத்தக்கட்டி ஆபத்து கணிசமாகவே இருந்தது. ஆனால் யாருக்கு வரும், யாருக்கு வராது என்று பிரித்துக் காட்டுவதில் அந்த ஸ்கோர் சுமார்தான்.

அப்படியானால் எல்லோருக்கும் மாத்திரை கொடுத்துவிடலாமே? கொடுத்துப் பார்த்தார்கள். 2012-இல் வெளியான 'வார்செஃப்' ஆய்வில் 2,305 பேர். துடிப்பு சீரானவர்கள், பம்பிங் 35 சதவீதமோ அதற்குக் குறைவோ. ஒரு பாதிக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை, மறுபாதிக்கு ஆஸ்பிரின். வார்ஃபரின் சாப்பிட்டவர்களுக்கு அடைப்பால் வரும் பக்கவாதம் குறைந்தது. பெரிய ரத்தக்கசிவு கூடியது. இந்தப் பக்கம் கிடைத்த லாபம் அந்தப் பக்கம் போய்விட்டது. அதனால்தான் கணிப்பு இவ்வளவு முக்கியம் என்கிறேன். உண்மையிலேயே ஆபத்தில் இருப்பவரைப் பொறுக்கி எடுக்கத் தெரியாதவரை, மாத்திரை யாருக்கு உதவும் என்று சொல்ல முடியாது.

[திரையில்: மூன்று கட்டங்கள்]

சீரான துடிப்பும் குறைந்த பம்பிங்கும் உள்ளவர்களுக்கென்றே பின்னால் ஒரு ஸ்கோர் வந்தது. அது மூன்றே விஷயங்களைப் பார்க்கிறது: முன்பு பக்கவாதம் வந்ததா, சுகருக்கு இன்சுலின் போடுகிறாரா, ரத்தத்தில் என்டி-ப்ரோபிஎன்பி எவ்வளவு. இந்த மூன்றாவது, இதயத்தின் சுவர் இழுபடும்போது ரத்தத்தில் கூடும் ஒரு பொருள். செயலிழப்பு இருக்கிறதா என்று பார்க்க எடுக்கும் அதே ரத்தப் பரிசோதனைதான்.

ஒன்றை மனதில் வையுங்கள். சாட்ஸ்-வாஸ்க் ஸ்கோர் 4 என்றால், அதே நிலையில் இருக்கும் பலரில் சிலருக்கு வரும் என்றுதான் பொருள். அந்தச் சிலரில் நீங்கள் ஒருவரா என்று அந்த எண் சொல்லாது. எண்ணைப் பார்த்துப் பயந்தோ, தைரியமாகியோ மாத்திரையை நீங்களாக மாற்ற வேண்டாம்.

[திரையில்: மணிக்கட்டில் இரண்டு விரல்]

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் சிலருக்கு வந்து வந்து போகும். ஒரு தடவை எடுத்த இசிஜியில் தப்பிவிடும். அதனால் வீட்டில் இதயச் செயலிழப்பு உள்ளவர் இருந்தால், கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து ஒரு நிமிடம் நாடி பாருங்கள். தாளம் தப்பித் தப்பி வந்தால் தேதியைக் குறித்துக்கொண்டு டாக்டரிடம் போய், "ஒருநாள் முழுக்கத் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் எடுக்கலாமா?" என்று கேளுங்கள்.