கட்டு இறுக்குவதற்கு முன்னால்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் ஒரு செவிலியர். 16 வருடம் அறுவைச் சிகிச்சை வார்டில் வேலை பார்த்தேன். இப்போது 9 வருடமாக வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றுகிறேன். மதுரையில் தெற்குவாசலில் இருந்து திருநகர் வரைக்கும் என் ஸ்கூட்டி நுழையாத சந்து குறைவு. காலில் ஆறாத புண்ணைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டார்கள். ஆறாத புண் என்றதுமே நம் ஊரில் அதைச் சர்க்கரைப் புண் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நான் போகிற பல வீடுகளில் அந்த ஆளுக்குச் சர்க்கரையே கிடையாது. ரத்த ஓட்டம் கெட்டு வந்த புண் அது.

அதில் இரண்டு வகை உண்டு. மேலே இருந்து ரத்தம் காலுக்கு வந்து சேராததால் வருவது ஒன்று. வந்த ரத்தம் மேலே திரும்பிப் போகாமல் தேங்குவதால் வருவது இன்னொன்று. பார்க்கிறவர் கண்ணுக்கு இரண்டும் புண்தான். ஆனால் முதல் வகைக்கு இறுக்கிக் கட்டினால் காலுக்கே ஆபத்து. இரண்டாவது வகைக்கு இறுக்கிக் கட்டாவிட்டால் புண் லேசில் ஆறாது. அதனால் ஒரு வீட்டுக்கு முதல்முறை போகும்போது புண்ணை நான் அப்புறம்தான் பார்ப்பேன். முதலில் காலைத் தொட்டுப் பார்ப்பேன்.

பம்புசெட் வைத்திருப்பவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடியில் ஃபுட் வால்வு என்று ஒன்று இருக்கும். மோட்டாரை நிறுத்தினாலும், ஏறிய தண்ணீர் கீழே இறங்கிவிடாமல் அது பிடித்துக்கொள்ளும். காலில் இருந்து இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் சிரைகளிலும் அப்படி வால்வுகள் வரிசையாக இருக்கின்றன. மோட்டார் வேலையைச் செய்வது கெண்டைக்கால் சதை. நடக்கும்போது அது சுருங்கிச் சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளும். வருடக்கணக்காக ஒரே இடத்தில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு மோட்டார் ஓடுவதில்லை. பாரம் முழுக்க வால்வின் மேல் விழுகிறது. வால்வு கசிந்தால் ரத்தம் கணுக்காலில் வந்து தேங்கும். சாயங்காலம் கால் வீங்கும், விடிந்தால் வற்றும். கணுக்காலுக்குச் சற்று மேலே, உள்பக்கமாகத் தோல் பழுப்பேறும். தேங்கிய ரத்தத்தின் இரும்புச்சத்து தோலில் படிந்த நிறம் அது, எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் போகாது. அப்புறம் அரிக்கும், சொறிவார்கள். இல்லையென்றால் சைக்கிள் பெடல் லேசாக இடிக்கும். புண் வந்துவிட்டது. ஆழம் இருக்காது, அகலமாகப் பரவும், நீர் வடிந்துகொண்டே இருக்கும்.

மற்ற வகை, உப்புத் தண்ணீர் ஓடி ஓடி உள்ளே அடைத்துப்போன குழாய். பீடி, சிகரெட், சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, கொழுப்பு எல்லாம் சேர்ந்து, காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியை அடைக்கும். கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், நின்றால் விட்டுவிடும். முற்றிய பிறகு ராத்திரி படுத்தாலே பாதம் வலிக்கும். கட்டிலில் இருந்து காலைத் தொங்கவிட்டால் தேவலை என்பார்கள். தொட்டால் சில்லென்று இருக்கும். புண் விரல் நுனியிலோ குதிகாலிலோ, ஓரம் வெட்டி எடுத்தாற்போல் வரும். ஈரம் அவ்வளவாக இருக்காது. 30, 35 வயது பீடிக்காரர்களுக்கே இப்படி வருவது உண்டு. லியோ பர்கர் என்ற மருத்துவர் 1908-இல் இதை விவரித்து எழுதியதால் பர்கர் நோய் என்று பெயர். புகையிலையை அடியோடு விடுவதுதான் அதற்கு முதல் வைத்தியம். ஒரு நாளைக்கு இரண்டு மட்டும் என்ற பேரமெல்லாம் அதனிடம் செல்லாது.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். நம் பேச்சில் எல்லாமே நரம்புதான். ஊசி போடுவதும் நரம்பில், சுருண்டு புடைப்பதும் நரம்பு, மரத்துப்போவதும் நரம்பு. இதனால் என்ன ஆகிறது தெரியுமா? காலில் சிரை சுருண்டவர், ‘நரம்பு டாக்டர்’ என்று போர்டைப் பார்த்து மூளை நரம்பியல் மருத்துவரிடம் போய் டோக்கன் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அரை நாள் போன பிறகு இது வேறு டிபார்ட்மென்ட் என்று அனுப்புகிறார்கள். நீங்கள் கேட்க வேண்டியது ரத்தநாள அறுவைச் சிகிச்சைப் பிரிவு. சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் அதற்கென்றே தனித்துறை இருக்கிறது. உங்கள் ஊரில் அது இல்லையென்றால் பொது அறுவைச் சிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள், ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனுக்கு அவர்களே எழுதித் தருவார்கள்.

சரி, ஒரு வீட்டுக்கு உங்களைக் கூட்டிப் போகிறேன்.

அவர் பரோட்டா மாஸ்டர். சாயங்காலம் 4 மணிக்குக் கல்லுக்கு முன்னால் நின்றால் ராத்திரி 12 மணி வரைக்கும் நகர மாட்டார். 30 வருடம் அப்படி. வலது கணுக்காலுக்கு மேலே உள்ளங்கை அகலத்தில் புண், இரண்டு வருடமாக. நான் போனபோது காலில் ஒரு பழைய வேட்டித் துணி சுற்றியிருந்தது. அதை அவிழ்க்க மருமகள் வெந்நீர் விட்டு ஊறவைத்துக்கொண்டிருந்தார். துணி பிரிந்ததும் உள்ளே மஞ்சள்தூள், அதற்குக் கீழே ஏதோ ஆன்டிபயாடிக் பவுடர், இரண்டும் காய்ந்து சுவரில் பூசிய காரை மாதிரி கெட்டியாக ஒட்டியிருந்தது. அதைப் பிய்த்து எடுப்பதுதான் தினமும் காலையில் நடக்கிற வேலை. பிய்க்கும்போது ரத்தம் வரும். “ரத்தம் வந்தா நல்லதுதானே சிஸ்டர், உசிரோட இருக்குன்னு அர்த்தம்” என்றார் அவர். இல்லை அண்ணே, ராத்திரி முளைத்த தோலைக் காலையில் பிடுங்குகிறோம் என்றேன்.

பாத மேற்பரப்பில் நாடி பிடித்துப் பார்த்தேன். நன்றாகத் துடித்தது. உள்கணுக்காலுக்குப் பின்னாலும் துடித்தது. பாதம் கதகதப்பாக இருந்தது. பென்சில் மாதிரி ஒரு சின்ன டாப்ளர் கருவி என் பையில் இருக்கும். ஜெல்லி தடவி வைத்தால் ரத்தம் பாயும் சத்தம் ‘விஷ்க், விஷ்க்’ என்று கேட்கும். அதை வைத்துக் கணுக்காலில் பிரஷர் எடுத்து, கையில் எடுத்த பிரஷரால் வகுப்பேன். 0.9-க்கு மேல் வந்தால் பொதுவாகத் தமனியில் பிரச்சினை இல்லை. 0.8-க்குக் கீழே வந்தால் முழு அழுத்தக் கட்டுப் போடக் கூடாது. 0.5-க்குக் கீழே என்றால் கட்டைப் பற்றிய பேச்சே வேண்டாம், உடனே மருத்துவமனை. சர்க்கரைக்காரர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு ஏமாற்றும். ரத்தக்குழாய் விறைத்துப்போய் எண் நல்லபடியாகவே காட்டும். அவர்களுக்கு ஸ்கேனைத்தான் நம்ப வேண்டும்.

இவருக்கு எண் 1.0. ஸ்கேனும் சிரைக் கசிவுதான் என்றது. மருத்துவர் அழுத்தக் கட்டு எழுதிக் கொடுத்தார்.

அது எப்படிப் போடுவது? புண்ணைச் சலைனால் கழுவுவேன், காய்ச்சி ஆறவைத்த தண்ணீரும் போதும். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் ஊற்ற மாட்டேன். நுரை பொங்கும்போது கிருமி சாகிற மாதிரித் தெரியும், கூடவே புதிதாக முளைக்கிற செல்லும் சாகும். ஒட்டாத வலைத்துணி, அதன் மேல் நீரை உறிஞ்சும் பஞ்சு மெத்தை, பிறகு மெதுவான பஞ்சு உருளை. அதற்கு மேல்தான் அழுத்தும் பேண்டேஜ். விரல் அடியில் தொடங்கி, குதிகாலை விடாமல் மூடி, பாதிக்குப் பாதி ஏறும்படி முழங்காலுக்குக் கீழே வரை சுற்ற வேண்டும். அழுத்தம் கணுக்காலில் அதிகம், மேலே போகப்போகக் குறைவு. மாற்றிச் சுற்றினால் கழுத்தைப் பிடித்த மாதிரி ரத்தம் அடியிலேயே நின்றுவிடும். கணுக்காலில் 40 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் என்பது கணக்கு. அந்த அளவு கையில் பழகச் சில மாதம் ஆகும். யூடியூபைப் பார்த்துப் போடுகிற கட்டு இல்லை அது.

புண்ணைக் காற்றாடவிட்டால்தான் ஆறும் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை. ஜார்ஜ் வின்டர் என்கிற ஆய்வாளர் 1962-இல் இதைப் பன்றியின் தோலில் சோதித்தார். சில காயங்களைத் திறந்துவிட்டார், சிலவற்றை மெல்லிய பாலித்தீன் படலத்தால் மூடினார். மூடி ஈரமாக வைத்தவற்றில் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகத் தோல் மூடியது. ஈரம் என்றால் மிதமான ஈரம், ஊறிக்கிடப்பது இல்லை. அதனால் இந்தக் கட்டைத் தினமும் பிரிக்க வேண்டியதும் இல்லை. வாரத்துக்கு ஒரு தடவை, நீர் அதிகம் வடிந்தால் இரண்டு தடவை. தினமும் பிரிப்பதுதான் அக்கறை என்று நினைக்கும் குடும்பத்தாரிடம் இதைச் சொல்லி நம்பவைக்க எனக்குக் கட்டுப் போடுவதைவிட அதிக நேரம் ஆகும்.

மூன்று வாரம் போனது. ஒவ்வொரு தடவையும் கண்ணாடித்தாளை மேலே பிடித்து, மார்க்கரால் புண்ணின் ஓரத்தை வரைந்து தேதி போட்டு வைப்பேன். மூன்று தாளும் ஒன்றுபோலவே இருந்தன. கட்டுப் போட்டதில் தப்பில்லை, காசும் செலவாகிறது. எனக்கே குழப்பம். ஒருநாள் வழக்கமான நேரத்துக்குப் போகாமல் விடியற்காலையில் போனேன். மாஸ்டர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். கால் தரையில் தொங்கிக்கொண்டிருந்தது. படுத்தால் மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கிறதாம், ரொம்ப நாளாக இப்படித்தானாம். மருத்துவமனையில் இதை யாரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. இதய மருத்துவரைப் பார்த்து மாத்திரை ஆரம்பித்த பிறகு படுக்க முடிந்தது. கட்டிலின் கால்மாட்டில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு செங்கல் வைக்கலாம் என்று அதே மருத்துவர் சொன்னார். அடுத்த மாதத் தாளில் கோடு உள்ளே நகர்ந்திருந்தது.

செங்கல் எல்லோருக்கும் இல்லை. தமனி அடைத்தவர் காலை உயர்த்தினால் வருகிற கொஞ்ச ரத்தமும் வராது. அப்படி ஒரு வீட்டையும் பார்த்திருக்கிறேன். பெருவிரலில் சின்னப் புண், பீடி குடிப்பவர். வீக்கம் குறையட்டும் என்று மகன் கிரேப் பேண்டேஜை நன்றாக இழுத்துக் கட்டித் தலையணை மேல் காலைத் தூக்கிவைத்திருந்தார். பாசத்தில் செய்ததுதான். எந்த வகைப் புண் என்று பார்க்காமல் கட்டும்படி அவருக்குச் சொல்லி அனுப்பியது ஒரு மருத்துவமனை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. நான் பிரித்தபோது இரண்டு விரல் கறுத்துவிட்டது. ஆஞ்சியோ செய்து அடைப்பை எடுத்தார்கள், விரல்கள் போயின, கால் தப்பியது.

சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. முட்டை சாப்பிட்டால் சீழ் வைக்கும், மீன் ஆகாது, கத்தரிக்காய் ஆகாது என்று புண்காரரை ரசம் சோற்றில் உட்கார்த்திவைக்கிறார்கள். தோல் வளரப் புரதம் வேண்டும். சிறுநீரகக் கோளாறு என்று மருத்துவர் தடுத்திருந்தால் ஒழிய, முட்டையும் மீனும் பயறும் கொடுங்கள்.

வீட்டுக்கு வந்து கட்டு மாற்றுகிறவரைத் தேர்ந்தெடுக்கும்போது கொஞ்சம் கறாராக இருங்கள். ‘ஹோம் நர்ஸ்’ என்று சொல்லிக்கொள்பவர் எல்லோரும் செவிலியர் இல்லை. தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். கை கழுவாமல் கையுறை போடுகிறாரா, புண்ணை அளந்து எழுதுகிறாரா, நாடி பார்க்காமலே இறுக்குகிறாரா என்று கவனியுங்கள். கவனிப்பது மரியாதைக் குறைவு இல்லை. காசு கொடுக்க முடியாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பராமரிக்கும் செவிலியர்கள் இருக்கிறார்கள்.

கட்டுப் போட்ட பிறகு விரல்கள் நீலம் பாரித்தாலோ மரத்தாலோ, வலி தாங்காமல் போனாலோ என் போனுக்காகக் காத்திருக்க வேண்டாம். நீங்களே பிரித்துவிடுங்கள், அப்புறம் கூப்பிடுங்கள். காய்ச்சலோடு காலில் சிவப்பு ஏறிக்கொண்டே போனாலும், விரல் கறுத்தாலும் 108. நாலு வாரம் சரியாகக் கட்டியும் புண் சிறுக்கவே இல்லையென்றால் திரும்ப மருத்துவரிடம் காட்டுங்கள். வருடக்கணக்கில் கிடந்த புண்ணில் ஓரம் தடித்துக் காளான் மாதிரி எழும்பினால் சதை எடுத்துச் சோதிப்பார்கள், புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்வதற்காக.

மாஸ்டருக்கு ஐந்தாவது மாதம் புண் மூடியது. கசிகிற சிரையை லேசர் மூலம் அடைக்கும் சிகிச்சையும் நடந்தது. அதை முன்கூட்டியே செய்தால் புண் சீக்கிரம் ஆறுகிறது என்று இங்கிலாந்தில் 450 பேரிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வு காட்டியிருக்கிறது. இவருக்குப் பணத்தைப் புரட்ட அவ்வளவு நாள் ஆகிவிட்டது. கடையில் இப்போது ஒரு உயரமான ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இலேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. முதலாளி அதைப் படித்து ஸ்டூல் வாங்கவில்லை, நல்ல பரோட்டா மாஸ்டர் கிடைப்பது கஷ்டம் என்பதால் வாங்கினார்.

ஆறினாலும் இந்தப் புண் திரும்பி வரும். அதனால் அழுத்தக் காலுறையைத் தினமும் காலையில், கால் தரையில் படுவதற்கு முன்னாலேயே மாட்ட வேண்டும். மதுரை வெயிலில் அது பெரிய தண்டனை. மாட்டுவதும் மல்லுக்கட்டுதான், ஏறவே ஏறாது. அவருடைய மருமகள் இப்போது நான் சொல்லிக்கொடுத்தபடி செய்கிறார். ஜவுளிக்கடைப் பிளாஸ்டிக் பை ஒன்றைப் பாதத்தில் முதலில் மாட்டிவிடுகிறார். அதன் மேல் காலுறை வழுக்கிக்கொண்டு ஏறிவிடும். அது விரல் நுனி திறந்திருக்கிற காலுறை, அந்த வழியாகப் பையைப் பிடித்து ஒரே இழுப்பு. “மாமா, அசையாதீங்க” என்பார். வெடுக்கென்று பை கையோடு வந்துவிடும். அதை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறார், மறுநாளைக்கு.