பயாப்சி ரிப்போர்ட் எப்போது வரும்?

நேயர்களுக்கு வணக்கம். ஏழை நாடுகளில் புற்றுநோயை ஏன் முற்றிய பிறகே கண்டுபிடிக்கிறார்கள் என்று கேட்டால், பலரும் சட்டென்று சொல்கிற பதில் "மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்பதுதான். பயம் உண்டு, கூச்சம் உண்டு, கேன்சர் என்று பேச்செடுத்தாலே வாயை மூடச் சொல்லும் வீடுகளும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பழியை மொத்தமாக நோயாளி தலையில் கட்டிவிட்டு, அவர் ஆஸ்பத்திரி வாசலை மிதித்த பிறகு எத்தனை மாதம் வீணாகிறது என்பதைப் பேசாமல் விடுவது அநியாயம்.

மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. பக்கத்துச் சுகாதார நிலையத்தில் காட்டினால், "வலி இல்லையா? அப்போ பயப்படாதீங்க" என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள், மார்பகத்தைப் பரிசோதிக்க அங்கே இருப்பவர்களுக்கு யாரும் பயிற்சியே கொடுத்திருக்க மாட்டார்கள். கட்டி பெரிதானதும் மறுபடி போய், பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு வாங்கி, ஸ்கேனுக்கு ஒரு நாள், பயாப்சிக்கு, அதாவது கட்டியிலிருந்து கொஞ்சம் திசு எடுத்துச் சோதிப்பதற்கு, ஒரு நாள் என்று அலைந்து, ஒவ்வொரு முறையும் அன்றைய கூலியை இழந்து, பிள்ளைகளை யாரிடமாவது விட்டுவிட்டு... சரி, பயாப்சி எடுத்தாயிற்று. இனி?

இனிமேல்தான் பெரிய ஓட்டையே இருக்கிறது என்பேன். எடுத்த திசுவை உடனே ஃபார்மலினில் போட வேண்டும், இல்லாவிட்டால் கெட்டுவிடும். அப்புறம் அதை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்ல ஒரு நோயியல் நிபுணர் வேண்டும். பத்து லட்சம் பேருக்கு ஒரு நோயியல் நிபுணர்கூட இல்லாத நாடுகள் ஆப்பிரிக்காவில் பல உண்டு. அதனால் மாதிரி தொலைதூர நகரத்துக்குப் போய்க் காத்துக்கிடக்கிறது, சில நேரம் ரிப்போர்ட்டே தொலைந்துபோகிறது, அதற்குள் நோய் வளர்ந்துகொண்டே இருக்கிறது. கேன்சர்தான் என்று தெரிந்தாலும், அது ஹார்மோனால் வளரும் வகையா என்று பார்க்க இன்னொரு சோதனை வேண்டும். அந்த வகைக்கு டாமாக்சிஃபென் என்ற மாத்திரை இருக்கிறது, பழைய மருந்து, விலை குறைவு, உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது. மாத்திரை கையில் இருந்தும், யாருக்குக் கொடுப்பது என்று சொல்லும் சோதனை இல்லை!

விளைவு என்ன தெரியுமா? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, வளர்ச்சி மிக அதிகமான நாடுகளில் 12 பெண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் கண்டறியப்படுகிறது, 71 பேரில் ஒருவர் அதனால் இறக்கிறார். வளர்ச்சி குறைந்த நாடுகளிலோ 27 பேரில் ஒருவருக்குத்தான் கண்டறியப்படுகிறது, ஆனால் இறப்பது 48 பேரில் ஒருவர். நோய் குறைவு, சாவு அதிகம். முதல் முறை மருத்துவரிடம் காட்டியதிலிருந்து 60 நாளுக்குள் நோய் என்னவென்று சொல்லிவிட வேண்டும் என்று அதே நிறுவனம் இலக்கு வைத்திருக்கிறது. பல இடங்களில் அந்த 60 நாள் ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பதிலேயே கரைந்துவிடும்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இன்னும் வேதனை. அது முற்றப் பல வருடம் எடுத்துக்கொள்கிறது, அவ்வளவு அவகாசம் தருகிற நோய். இருந்தும் 2022இல் சுமார் 3,50,000 பெண்கள் இறந்தார்கள், அதில் 94 சதவீதம் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில். சோதனை செய்துவிட்டு "சிகிச்சைக்கு இன்னொரு நாள் வாங்க" என்று அனுப்பினால், அந்த இன்னொரு நாளுக்குப் பஸ் காசு இல்லாதவர் வரமாட்டார். புற்றுநோயாக மாறக்கூடிய திசுவை அன்றைக்கே சுட்டு அழிக்க, பேட்டரியில் ஓடும் கைக்கருவிகள் இப்போது இருக்கின்றன. ஒரே வருகையில் வேலை முடியும் என்றால் அப்படி முடிப்பதுதானே நியாயம்?

கதிர்வீச்சு சிகிச்சையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். புற்றுநோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது தேவைப்படும். ஒரு இயந்திரம்கூட இல்லாத நாடுகள் இன்னும் இருக்கின்றன. இருக்கிற இடத்திலும் மின்சாரம் சீராக வர வேண்டும், பழுதானால் பார்க்க ஆள் வேண்டும், உதிரிபாகம் வர வேண்டும்.

குழந்தைகள் விஷயத்தில் மனது ஆறவே மாட்டேன் என்கிறது. பணக்கார நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 சதவீதத்துக்கும் மேல் பிழைக்கிறார்கள், ஏழை நாடுகள் பலவற்றில் 30 சதவீதத்துக்கும் கீழே. மாதக்கணக்கில் நீளும் சிகிச்சையைப் பாதியில் நிறுத்துவது ஒரு முக்கியக் காரணம். பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று யாரும் சொல்லாதீர்கள், தங்க இடமும் சாப்பாடும் போக்குவரத்துச் செலவும் கொடுத்துப் பாருங்கள், எத்தனை பேர் கடைசிவரை நிற்கிறார்கள் என்று தெரியும்.

கேட்டுக்கொண்டிருப்பவர்களில் யாருக்காவது, உங்கள் வீட்டில் யாருக்காவது பயாப்சி எடுத்தால், மாதிரி எந்த ஆய்வகத்துக்குப் போகிறது, ரிப்போர்ட் என்றைக்கு வரும், யாரிடம் கேட்க வேண்டும் என்று அங்கேயே கேட்டு எழுதி வாங்குங்கள். வேறு ஆஸ்பத்திரிக்கு மாறினால் மெழுகில் பதித்த அந்த பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள், இரண்டாவது பயாப்சி தேவைப்படாமல் போகலாம். விழிப்புணர்வு முகாம் நடத்துகிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன்: உங்கள் முகாமில் கட்டி இருப்பதாகத் தெரியவந்த பெண்ணுக்கு எத்தனை நாளில் பயாப்சி ரிப்போர்ட் கிடைக்கும் என்பதையும் நோட்டீஸில் போடுங்கள்.