விடிய விடிய உட்கார்ந்திருப்பவர்கள்

(சங்கரதாஸ் சுவாமிகள் குருபூசையை ஒட்டி, புதுக்கோட்டையில் நாடகக் கலைஞர்கள் கூடிய மேடையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, நாடக நடிகர் சங்கத்துப் பொறுப்பாளர்களே, சுற்றுவட்டாரத்திலிருந்து வந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர்களே, பின்பாட்டு ஐயா அவர்களே, மிருதங்கம், டோலக், ஆல்ரவுண்டு வாசிக்கும் அண்ணன்மார்களே, ராத்திரி நாடகத்தை முடித்துவிட்டு முகப்பவுடர்கூட முழுசாகக் கலையாமல் நேராக இங்கே வந்திருக்கும் கதாநாயகி வேஷம் கட்டும் ஸ்திரீபார்ட் சகோதரிகளே, தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். முன்வரிசையில் கதாநாயக வேஷம் கட்டிய நமது மூத்த ராஜபார்ட் ஐயா இருக்கிறார்கள். கால் முடியாத நிலையிலும் பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார்கள். பொன்னாடையை அப்புறம் போர்த்துவார்கள். அதற்கு முன்னால் நாம் எல்லோரும் அவருக்கு ஒரு கைதட்டல் கொடுத்துவிடுவோம். நன்றி. ஐயா வள்ளி திருமணம் நாடகத்தில் வேலனாக வந்து வள்ளியிடம் தர்க்கம் பண்ணியதை எங்கள் ஊர்க் கோயில் பொட்டலில் சின்னப் பிள்ளையாகப் பார்த்தவள் நான். பெயர் சொல்லாமல் விட்டுப்போன பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நடிகர்களைப் பற்றிப் பேச இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். நாடகம் பார்ப்பவர்களைப் பற்றிப் பேசுங்கள் டீச்சர் என்று எனக்குச் சொன்னார்கள். மூன்று செய்திகளைச் சொல்ல நினைக்கிறேன். ஒன்று, பார்ப்பவர்கள் இந்த நாடகத்துக்கு என்ன கொடுத்தார்கள். இரண்டு, ராத்திரி ஒலிபெருக்கி அனுமதியால் ஊர்கள் படும் பாடு. மூன்று, இன்றைய பிள்ளைகளை எப்படி உட்கார வைப்பது.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். வகுப்பிலும் நான் ஓயாமல் சொன்ன பழமொழி இதுதான். வெவ்வேறு ஊர் நடிகர்களைத் தனித்தனியாக அழைத்து ஒரு ராத்திரிக்குச் சேர்த்து நடத்தும் ஸ்பெஷல் நாடகத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. மற்ற நாடகத்துக்கு ஒத்திகை உண்டு. இதற்கு ஏது ஒத்திகை? நாரதர் மணப்பாறையிலிருந்து வருவார், வள்ளி மதுரையிலிருந்து வருவார், பபூன் காரைக்குடியில் பஸ் ஏறியிருப்பார். ஒருவரை ஒருவர் முதல்முறையாகப் பார்ப்பதே மேடைக்குப் பின்னால் பவுடர் பூசும்போதாக இருக்கும். பத்து மணிக்கு ஆர்மோனியக் கட்டை பேசினால் விடியும்வரை கதை நிற்காமல் போகிறது. இந்த நாடகங்களை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டு ஒவ்வொருவர் நெஞ்சிலும் மனப்பாடமாக இருப்பதால்தான் அது நடக்கிறது.

கேட்பவர்கள் சட்டியிலும் அது நிறைந்திருந்தது, இன்றும் இருக்கிறது. நோட்டீஸ் ஒட்டிய அன்றைக்கே எங்கள் ஊர்ப் பெண்கள் அதில் போட்டிருக்கும் படங்களைப் பார்த்து, "இந்த நாரதர் நல்லாத் தர்க்கம் பண்ணுவாரு, அந்த வள்ளிதான் ஈடுகொடுக்குமான்னு தெரியலை" என்று குழாயடியில் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். சாயங்காலமே பிள்ளைகள் சாக்கைப் போட்டு இடம் பிடித்துவிடும். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பபூன் வரும்போது சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் நாரதர் வருவதற்குள் அம்மா மடியில் தூங்கிவிடும். அம்மா மட்டும் தூங்குவதில்லை. பாட்டில் ஓர் அடி தவறினால் பெண்கள் பக்கத்திலிருந்துதான் முதலில் 'ம்ஹும்' என்று சத்தம் வரும். மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி பாடிய செங்கோட்டை கிட்டப்பாவும், அவரோடு ஜோடியாக நின்ற கே.பி. சுந்தராம்பாளும் இப்படிப்பட்ட காதுகளுக்கு முன்னால்தான் பாடினார்கள். திருமங்கலம் விசுவநாத தாஸ் முருகன் வேடத்திலேயே சுதந்திரப் பாட்டைப் பாடுவார். போலீஸ் வந்து நிற்பது தெரிந்தும் ஜனங்கள் அவரைக் கேட்கப் போனார்கள். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் மேடையிலேயே, முருகனாக மயில்மீது இருந்தபடியே, அவர் உயிர் பிரிந்தது.

இங்கே ஒரு சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும். திருமயம் பக்கத்தில் எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழா. அன்றைக்கு அரிச்சந்திரா மயான காண்டம். லோகிதாசனைப் பாம்பு கடித்துவிட்டது. சந்திரமதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுடுகாட்டுக்கு வந்துவிட்டாள். முழத்துண்டும் கால்பணமும் வாய்க்கரிசியும் கொடுத்தால்தான் பிணத்தை எரிக்க விடுவேன் என்று அரிச்சந்திரன் கோலை ஊன்றி நிற்கிறான். சரியாக அந்த இடத்தில் கரண்ட் போய்விட்டது. ஒரே இருட்டு. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லையாம். வாங்கிவரப் பையன்கள் சைக்கிளில் ஓடினார்கள். டீக்கடைக்காரர் தன் கடை பெட்ரோமாக்ஸைக் கொண்டுவந்து மேடை ஓரத்தில் வைத்தார். கூட்டம் கலைந்திருக்க வேண்டும். யாரும் கலையவில்லை. பின்னால் இருந்தவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு முன்னால் வந்து மேடையைச் சுற்றி நெருக்கி உட்கார்ந்தார்கள்.

மைக் கிடையாது. அந்த நடிகர் வெறும் தொண்டையில் பாடுகிறார். ஆர்மோனியக்காரர் சத்தத்தைத் தணித்துக்கொண்டார். சந்திரமதி, "என்னிடம் கால்பணம் ஏது ஐயா?" என்று அழுகிறாள். அரிச்சந்திரன் மனம் இரங்கவில்லை, மறுபடியும் கேட்கிறான். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கிழவி எழுந்தார். மடியிலிருந்து சுருக்குப்பையை எடுத்தார். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் முடிச்சை அவிழ்க்க முடியாமல் பல்லால் கடித்து அவிழ்த்தார். ஒரு காசை எடுத்து மேடைமேல் வைத்து, "இந்தா, இதை வச்சுக்கிட்டு அந்தப் புள்ளையை எரிக்க விடுய்யா. உனக்கும் புள்ளகுட்டி இருக்குல்ல?" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. பபூன்கூட வாயைத் திறக்கவில்லை. அந்த ராஜபார்ட் என்ன செய்தார் தெரியுமா? மைக்கில் அன்பளிப்பு வாசிக்கிற மாதிரி நன்றி சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவர் வேஷத்தைக் கலைக்கவில்லை. கோலைத் தரையில் வைத்துவிட்டு மண்டியிட்டு அந்தக் காசைக் கண்ணில் ஒற்றினார். "தாயே, இது தருமக் காசு. என் ஆண்டைக்குச் சேரவேண்டியது கூலிக் காசு. தருமத்தை வாங்கிக் கணக்கில் சேர்த்தால் நான் பொய்யனாவேன்" என்று சொல்லி, அதையே விருத்தமாக இழுத்துப் பாடினார். எந்தப் புத்தகத்திலும் இல்லாத விருத்தம். பின்பாட்டுக்காரர் அதே ராகத்தைப் பிடித்துக்கொண்டார். காசைக் கிழவியின் கையிலேயே திருப்பி வைத்தார். கூட்டம் முழுக்க விம்மியது. சட்டியில் இருந்தது அகப்பையில் வந்தது என்று நான் சொல்வது இதைத்தான். நடிகர் சட்டியிலும் இருந்தது, கிழவி சட்டியிலும் இருந்தது.

அந்தக் கிழவி என் அப்பத்தா.

கதை அங்கே முடியவில்லை. விடியப்போகும் நேரம், மங்களம் பாடி எல்லோரும் எழுந்தபோது அப்பத்தா எழுந்திருக்க முடியாமல் அப்படியே சாய்ந்துவிட்டார். முகத்தில் தண்ணீர் தெளித்து, சோடா வாங்கிக் கொடுத்து, வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். என்ன செய்தது என்று கேட்டதற்குச் சாதாரணமாகச் சொன்னார்: "நாடகத்தன்னைக்கு மத்தியானத்துக்கு மேல நான் தண்ணி குடிக்கிறதில்ல ஆத்தா. குடிச்சா நடுராத்திரி எங்கே போறது? எந்திரிச்சுப் போனா நாரதர் தர்க்கம் போயிரும். இருட்டுல போறதுக்கும் பயம்." பக்கத்தில் நின்ற சின்னம்மாவும் அத்தைமாரும், "நாங்களும் அப்படித்தான்" என்றார்கள்.

இந்தப் பந்தலில் இருக்கும் தாய்மார்களைக் கேட்கிறேன். இன்றைக்கும் இது மாறிவிட்டதா? அங்கே தலையாட்டுகிறீர்கள், பார்க்கிறேன். ஊருக்கு ஊர் தொகுதி மேம்பாட்டு நிதியில் கலையரங்கம் கட்டியிருக்கிறார்கள். கட்டிக் கொடுத்தவர்களுக்கு நன்றி, மழைக்கு ஒதுங்காமல் நாடகம் நடக்கிறது. ஆனால் அது மேலே கூரையும் மூன்று பக்கம் சுவரும் மட்டும்தான். பெண்களுக்குக் கழிப்பறை இல்லை, குழாய் இல்லை. வள்ளி வேஷம் கட்ட வருகிற பெண், பின்னால் கட்டிய தார்ப்பாய் மறைப்பில் நின்று புடவை மாற்றுகிறார். மறைப்புக்கு அந்தப் பக்கம் டீக்கடை. பக்கத்து வீட்டுக்காரர் மனசு வைத்தால் ஓர் அறை கிடைக்கும். இல்லாவிட்டால் வந்த வேனுக்குள்ளேயே ஒப்பனை.

சங்கரதாஸ் சுவாமிகளைக் கும்பிடக் கூடியிருக்கிறோம். 1867இல் பிறந்து 1922இல் மறைந்தவர். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கி, டி.கே.எஸ். சகோதரர்களைப் போன்ற பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக் கொடுத்தவர். ஆரம்பத்தில் அவரும் வேஷம் கட்டியவர்தான். எமனாக வந்து அவர் போட்ட முழக்கத்தில், கூட்டத்தில் இருந்த ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்துவிட்டது என்றும், அந்த வேதனையில்தான் நடிப்பை விட்டு எழுத்துக்கும் ஆசிரியப் பணிக்கும் வந்தார் என்றும் நாடக உலகில் வழிவழியாகச் சொல்கிறார்கள். தரையில் உட்கார்ந்திருந்த ஒரே ஒரு பெண்ணுக்காகத் தன் வேஷத்தையே விட்டவர் அவர் என்று பெருமையோடு சொல்கிற நாம், அதே தரையில் விடிய விடிய உட்கார்ந்திருக்கிற ஆயிரம் பெண்களுக்குக் கதவு வைத்த ஓர் அறை கட்டித் தரக் கூடாதா?

ஒலிபெருக்கி அனுமதியைப் பற்றியும், பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்றேன். நேரம் போய்க்கொண்டிருக்கிறது, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒன்று மட்டும் சொல்கிறேன். பத்து வயதுப் பெண்பிள்ளையை அம்மா நாடகத்துக்குக் கூட்டிவர வேண்டுமென்றால், அந்தப் பிள்ளைக்கு ஒதுங்க இடம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பாள். இடம் இல்லையென்றால் வீட்டில் டிவி முன்னால் விட்டுவிட்டு வருவாள். அடுத்த தலைமுறைக்குச் சட்டியில் என்ன இருக்கும்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

ஊராட்சித் தலைவர்கள் இங்கே இருப்பதால் நேராகவே கேட்கிறேன். கிராம சபை இப்போது வருஷத்துக்கு ஆறு தடவை கூடுகிறது. குடியரசு தினம், தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1. இதில் எது அடுத்து வருகிறதோ, அதில் ஒரு தீர்மானம் போடுங்கள். கலையரங்கத்துக்குப் பின்னால் பெண்களுக்கு இரண்டு கழிப்பறை, தண்ணீர் வரும் குழாய், உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய ஓர் ஒப்பனை அறை, அங்கே போகிற வழிக்கு ஒரு விளக்கு. இவ்வளவுதான். கட்டியபின் பூட்டிச் சாவியை ஒருவர் இடுப்பில் செருகிக்கொள்ளக் கூடாது, நாடக ராத்திரியில் திறந்திருக்க வேண்டும் என்பதையும் அந்தத் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். விழாக் கமிட்டிக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அந்த அறைகள் வருகிறவரைக்கும், பந்தலுக்கு ஒதுக்கும் பணத்தில் கொஞ்சம் எடுத்துத் தற்காலிகக் கழிப்பறை வாடகைக்கு எடுங்கள். சீரியல் பல்பில் ஒரு வரிசை குறைந்தால் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

தீர்மான மனுவை நானே எழுதி நகல் எடுத்து வாசலில் மேஜைமேல் வைத்திருக்கிறேன். ஊர்ப் பெயரை நிரப்பிக்கொள்ள இடம் விட்டிருக்கிறது. தாய்மார்கள் போகும்போது ஆளுக்கு ஒன்று எடுத்துப் போங்கள், கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்கலாம். அடுத்துப் பாட இருக்கும் சகோதரி சுருதிப்பெட்டியோடு காத்திருக்கிறார். நன்றி, வணக்கம்.