கேட்க வேண்டியவர்கள் கேட்கட்டும்

பெரியோர்களே, தாய்மார்களே, மாணவத் தோழர்களே, வணக்கம்.

வேலூரில் எந்தக் கூட்டம் போட்டாலும் பேச்சு கடைசியில் பாலாற்றில்தான் போய் நிற்கும். அதனால் நான் அங்கிருந்தே ஆரம்பித்துவிடுகிறேன்.

தோல் தொழிற்சாலைகளின் கழிவு ஆற்றிலும் நிலத்திலும் கலந்து, அவை உள்ள பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம், ஓரளவுக்கோ முழுவதுமோ, பயிர் வைக்க லாயக்கில்லாமல் போய்விட்டது என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் போட்ட வழக்கு அது; தீர்ப்பு வந்தது 1996 ஆகஸ்ட் 28-இல். மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டுக்காக இன்றும் சட்டக் கல்லூரிகளில் அதைப் பாடமாக நடத்துகிறார்கள். ஊருக்குப் பெருமைதான், சரி. அந்தத் தீர்ப்பில் அதிகம் பேசப்படாத இன்னொரு பக்கம் இருக்கிறது.

சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986-லேயே வந்துவிட்டது. மாசைத் தடுக்கத் தனி அதிகார அமைப்பு ஒன்றை ஏற்படுத்த அதன் 3-ஆம் பிரிவில் மத்திய அரசுக்கு வழி இருந்தது. பத்து வருஷம் ஆகியும் இங்கே அப்படி ஒன்று அமைக்கவில்லை. செப்டம்பர் 30-க்குள் அமையுங்கள் என்று நீதிமன்றம் கெடு வைத்த பிறகுதான் அமைத்தார்கள். இந்தப் பத்து வருஷமும் நாடாளுமன்றம் கூடிக்கொண்டுதானே இருந்தது? நீதிபதி கேட்ட கேள்வியை, நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள் விடாமல் கேட்டிருந்தால் எத்தனை கிணறு தப்பியிருக்கும்!

நிர்வாகம் வரம்பு மீறுவதில் இரண்டு விதம் உண்டு. இருக்கும் சட்டத்தைக் கிடப்பில் போடுவது ஒன்று. சட்டமன்றத்தை ஓரங்கட்டிவிட்டுத் தானே சட்டம் போடுவது மற்றொன்று. இரண்டாவதற்குப் பீகாரைப் பாருங்கள். அவசரச் சட்டம் என்பது அவை கூடாத நேரத்துக்கு மட்டும். அவை மறுபடி கூடி ஆறு வாரத்தில் அது காலாவதியாகிவிடும். ஆனால் பீகாரில் 1967 முதல் 1981 வரை 256 அவசரச் சட்டங்கள் போட்டார்கள். காலாவதியாகும் நேரம் வந்தால் அதையே மறுபடி பிறப்பிப்பார்கள். சில, பதினான்கு வருஷம் வரை உயிரோடு இருந்தன! இதைத் தோண்டி எடுத்தவர் புனேயில் இருந்த வாத்வா என்கிற பொருளாதாரப் பேராசிரியர். 1986 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை அரசியலமைப்பின் மீது செய்த மோசடி என்றே சொன்னது. அத்தனை வருஷம் அங்கேயும் எம்.எல்.ஏ.க்கள் இருந்தார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

நம்மிடமும் குற்றம் இருக்கிறது. எம்.எல்.ஏ. ஊருக்கு வந்தால் என்ன கேட்கிறோம்? நிழற்குடை, ஹைமாஸ் விளக்கு, கல்யாணத்துக்கு வரச் சொல்லிப் பத்திரிகை. சட்டமன்றத்தில் என்ன கேள்வி கேட்டீர்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. அமைச்சரவை பேரவைக்குக் கூட்டாகப் பொறுப்பு என்று அரசியலமைப்பின் 164-ஆம் பிரிவு சொல்கிறது. கேள்வி நேரம் இருக்கிறது. கவன ஈர்ப்புத் தீர்மானம், தணிக்கை அறிக்கையை அலசும் பொதுக் கணக்குக் குழு, அமைச்சர் அவையில் கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்று பார்க்கும் உறுதிமொழிக் குழு எல்லாம் இருக்கின்றன. "கட்சி கொறடா இருக்கிறாரே, நாங்கள் என்ன செய்ய முடியும்" என்பார்கள். 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தில், கொறடா உத்தரவு, அதாவது இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்ற கட்சிக் கட்டளை, செல்லுபடியாவது வாக்கெடுப்பில்தான். கேள்வி கேட்டதற்காக ஒருவர் பதவியைப் பறிக்க அதில் இடமில்லை. ஆளுங்கட்சிக்காரரும் தாராளமாகக் கேட்கலாம்.

அதோ, கோட்டை. வெள்ளைக்காரன் காலத்தில் அங்கிருந்த சிப்பாய்களுக்குத் தலைப்பாகையை மாற்று, தாடியை எடு, நெற்றிக் குறியை அழி என்று ஓர் உத்தரவு மேலிருந்து வந்தது. அதைத் தட்டிக் கேட்கச் சிப்பாய்க்கு எந்த அவையும் கிடையாது. 1806 ஜூலை 10 விடியலில் அவர்கள் கிளர்ந்தெழுந்தது உங்களுக்குத் தெரியும். நமக்கு 234 பேர் கொண்ட அவை இருக்கிறது.

வாசலில் மேசை மேல் மனு வைத்திருக்கிறோம். அதில் மூன்றே கோரிக்கை: நம் பகுதிக்கான அரசாணைகளையும் விதிகளையும் படித்துப் பார்த்து அவையில் பேசுங்கள், அவசரச் சட்டம் எது வந்தாலும் விவாதம் கேளுங்கள், ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிந்ததும் நீங்கள் கேட்ட கேள்வியையும் கிடைத்த பதிலையும் தொகுதியில் ஒட்டுங்கள். படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் பரவாயில்லை, அவரிடம் மனுவைக் கொடுக்கப் போகும்போது கூட வாருங்கள்.