பாடம் நடத்தியவருக்கே முதல் வணக்கம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இரவு பத்து மணியைத் தாண்டியும் எழுந்து போகாமல் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, முதல் வரிசையில் இருக்கும் ஆசிரியப் பெருமக்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

‘நாம் வாழ்நாளெல்லாம் நன்றி சொல்ல வேண்டியது பரிவு காட்டி அரவணைத்த ஆசிரியருக்கா, பாடத்தைப் பழுதறக் கற்பித்த ஆசிரியருக்கா?’ இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், பசியோடு வந்த பிள்ளைக்குத் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து கொடுத்த ஓர் ஆசிரியையைப் பற்றிச் சொன்னார். கூட்டத்தில் பலர் கண்களைத் துடைத்துக்கொண்டீர்கள். நானும் துடைத்துக்கொண்டேன். அந்த ஆசிரியையை எங்கள் அணியும் கையெடுத்துக் கும்பிடுகிறது. பரிவுக்கு எதிராக வாதாட நாங்கள் இங்கே வரவில்லை. பள்ளியை விட்டு வந்து முப்பது, நாற்பது வருடம் ஆன பிறகும் நமக்குள் இருந்து வேலை செய்துகொண்டிருப்பது எது என்று கேட்கத்தான் வந்திருக்கிறோம்.

தமிழ்நாட்டில் ஆசிரியர் நன்றி என்று பேச்செடுத்தால் உ.வே.சாமிநாதையரைத் தொடாமல் போக முடியாது. எதிரணியும் தொட்டார்கள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவரை மகனைப்போல் பார்த்துக்கொண்டார், அந்த அன்புதான் அவரை உருவாக்கியது என்றார்கள். பிள்ளையவர்களின் அன்பை யாரால் மறுக்க முடியும்? ஆனால் மாயூரத்தில், அதாவது இன்றைய மயிலாடுதுறையில், நடந்தது என்ன என்று கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம், நடுவர் அவர்களே.

1871ஆம் ஆண்டு. பதினேழு வயதை எட்டிக்கொண்டிருந்த அந்தப் பையனைத் தகப்பனார் அழைத்து வந்து பிள்ளையிடம் ஒப்படைக்கிறார். பிள்ளை இன்முகத்தோடு ஏற்றுக்கொள்கிறார். ஆனால் தம்முடைய மூத்த மாணாக்கர் ஒருவரிடம் பாடம் கேட்கச் சொல்கிறார். பையனுக்கு மனம் ஆறவில்லை. பிள்ளைக்கு மரம் செடிகள் மேல் உயிர். வீட்டுத் தோட்டத்தில் வைத்திருந்த மரங்கள் துளிர்விட்டிருக்கின்றனவா என்று காலையில் எழுந்ததும் போய்ப் பார்ப்பார். இதைக் கவனித்த பையன் என்ன செய்தான் தெரியுமா? அவருக்கு முன்பே எழுந்து, கிளை கிளையாகத் தேடி, எங்கெங்கே புதுத் தளிர் வந்திருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டான். ஆசிரியர் வந்ததும் ஒவ்வொன்றாகக் காட்டினான். அவர் முகம் மலர்ந்தது. தளிர் தேடுவது தினப்படி வேலையானது. ஆசிரியரின் பிரியம் அந்தப் பையன் பக்கம் திரும்பியது.

பிரியம் கிடைத்துவிட்டது அல்லவா? எதிரணி சொல்வதுபோல் அதுவே போதுமானது என்றால் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அந்தப் பிரியத்தைக் கையில் வைத்துக்கொண்டு பையன் ஒன்றே ஒன்றைக் கேட்டான். ஐயா, நீங்களே எனக்குப் பாடம் சொல்ல வேண்டும் என்றான். விடியற்காலையில் மரம் மரமாகச் சுற்றியது அந்தப் பாடத்துக்காக!

பிறகு பாடம் தொடங்கியது. புத்தகம் கையில் இல்லாமலேயே பாட்டும் பொருளும் சொல்லக்கூடிய ஆசிரியர் அவர். அந்த ஆசிரியரும் பாடத்துக்காக அலைந்தவர்தான். தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூல் தெரிந்த ஒரு பரதேசி கிடைத்தபோது, அவர் பிச்சைக்குப் போன தெருக்களிலெல்லாம் பின்னாலேயே நடந்து அதைக் கற்றுக்கொண்டார் என்று சாமிநாதையரே எழுதிவைத்திருக்கிறார். அப்படித் தெருவில் நடந்து சேர்த்த தமிழை, தேடி வந்த எல்லோருக்கும் கொடுத்தார். கிறிஸ்தவரான சவேரிநாத பிள்ளையும் அவர் மாணாக்கர், நாகூர் குலாம் காதிறு நாவலரும் அவர் மாணாக்கர்.

ஐந்தே ஆண்டுகள். 1876இல் பிள்ளை மறைந்துவிட்டார். அந்த ஐந்தாண்டுப் பாடம் பிறகு என்ன செய்தது என்று பாருங்கள். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார், தாம் ஓய்வு பெறும்போது அந்த இடத்துக்குச் சாமிநாதையரைப் பரிந்துரைத்தார். செட்டியாரும் பிள்ளையிடம் படித்தவர். அந்த உதவியைச் சாமிநாதையர் கடைசி வரை மறக்கவில்லை. பின்னாளில் சென்னை திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த வீட்டுக்குத் தியாகராச விலாசம் என்று பெயர் வைத்தார். இதோ, பரிவுக்குச் செய்த நன்றி என்று எதிரணி இதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பரிந்துரை வாசல் வரைக்கும்தான் கொண்டுவந்து விடும். உள்ளே போய்க் கல்லூரி மாணவர்கள் முன்னால் நின்று பாட்டுக்குப் பொருள் சொல்லும்போது கூட வந்தது யார்? மாயூரத்துப் பாடம்தான்.

இன்னும் ஒரு படி மேலே போகிறேன். அதே 1880இல் கும்பகோணத்தில் முன்சீப் நீதிபதியாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார் அவரிடம் சீவக சிந்தாமணியைப் பற்றிக் கேட்டார். அந்த நூலைப் பிள்ளையிடம் சாமிநாதையர் பாடம் கேட்டதில்லை. அப்படியென்றால் ஆசிரியர் கற்பிக்காத ஒன்றில்தானே அவர் பெயர் பெற்றார் என்று எதிரணியில் யாராவது எழுந்து கேட்கலாம். கேளுங்கள், பதில் இருக்கிறது. பழைய ஏட்டுச்சுவடியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகரமும் ஏகாரமும் ஒரே மாதிரி இருக்கும். ரகரம் எது, துணைக்கால் எது என்று பிரிக்க முடியாது. செல் அரித்த இடத்தில் எழுத்தே இருக்காது. அங்கே சரியான சொல் எது என்று சொல்வதற்கு யாப்பு காதிலேயே ஊறியிருக்க வேண்டும். எதுகை இந்த இடத்தில் இப்படித்தான் வர வேண்டும், சீர் இங்கே குறைகிறது என்று பாட்டே எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்தக் காதைச் செய்து கொடுத்தவர் பிள்ளை. ஆயிரமாயிரம் செய்யுட்களைச் சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்த காது அது. அதனால்தான் 1887இல் சிந்தாமணி, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு என்று ஒவ்வொன்றாக அச்சில் வந்தன. உண்மையான பாடம், சொல்லிக்கொடுக்காத நூலையும் படிக்க வைக்கும்.

நன்றிக் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஆசிரியர் மறைந்து அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆன பிறகு, 1933இலும் 1934இலும் பிள்ளையின் வரலாற்றை இரண்டு பாகங்களாக எழுதி வெளியிட்டார் சாமிநாதையர். அப்போது அவருக்கு வயது எண்பதை நெருங்கிவிட்டது. கைநடுங்கும் வயதில் உட்கார்ந்து, ஆசிரியர் எந்த ஊரில் என்ன பாடினார், யாருக்கு என்ன பாடம் சொன்னார் என்று தேடித் தேடி எழுதினார். இப்படி ஒரு நன்றியை நம் மொழியில் வேறு யார் செய்திருக்கிறார்கள்?

அடுத்ததாக எதிரணி அம்மையார் பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யுவைக் கொண்டுவந்தார். 1957இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட பிறகு, அல்ஜியர்சில் தமக்குத் தொடக்கப்பள்ளியில் ஆசிரியராக இருந்த லூயி ழெர்மேனுக்குக் கடிதம் எழுதினார் அவர். அம்மாவுக்கு அடுத்தபடியாக உங்களைத்தான் நினைத்தேன் என்பது அதன் சாரம். அழகான கடிதம். தகப்பனை முதல் உலகப் போரில் இழந்த பிள்ளை, எழுதப் படிக்கத் தெரியாத தாய், வீட்டுவேலை செய்து வந்த வருமானம், பேரனைச் சீக்கிரம் வேலைக்கு அனுப்பிவிட நினைத்த பாட்டி. ஏழைப் பிள்ளையிடம் ஆசிரியர் காட்டிய கருணை என்று அம்மையார் முடித்துவிட்டார். கருணை கொண்ட அந்த ஆசிரியர் செய்த காரியம் என்ன என்பதை அவர் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். உதவித்தொகைத் தேர்வுக்காகப் பள்ளி நேரத்துக்கு வெளியே உட்கார வைத்துத் தனியாகப் பாடம் நடத்தினார்! தலையைத் தடவி அனுப்பியிருந்தால் காம்யு ஏதோ ஒரு கடையில் எடுபிடியாகப் போயிருப்பார். அம்மையார் எங்கள் அணிக்குச் சாட்சி கொண்டுவந்து கொடுத்திருக்கிறார், அவருக்கு என் நன்றி.

ஹெலன் கெல்லரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பத்தொன்பது மாதக் குழந்தையாக இருந்தபோது நோயில் பார்வையும் போய்க் கேட்கும் திறனும் போனது. வீட்டார் பரிவுக்குக் குறைவே இல்லை. பரிதாபப்பட்டு, எல்லோர் தட்டிலும் கைவைத்து அள்ளித் தின்னக்கூட விட்டிருந்தார்கள். 1887 மார்ச்சில் ஆன் சல்லிவன் என்ற ஆசிரியை வந்தார். முதல் வேலையாக அதை நிறுத்தினார். ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 5ஆம் தேதி, குழாயடியில் ஒரு கையில் நீர் விழ, மறு கையில் தண்ணீர் என்ற சொல்லை எழுத்தெழுத்தாக எழுதிக் காட்டினார். அந்தச் சிறுமிக்கு உலகம் திறந்தது. ஐந்து வருடம் பரிவு இருந்தது, திறந்தது பாடம்.

இப்போது என் கணக்கு வாத்தியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பில் வந்தார். என் வீட்டில் என்ன கஷ்டம் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அதிகம் சிரிக்கவும் மாட்டார். விடை சரியாக இருந்தாலும் நோட்டில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் சிவப்பு மையால் ‘ஏன்?’ என்று எழுதியிருப்பார். ஏன் பெருக்கினாய், ஏன் இங்கே வகுத்தாய்? பதில் எழுதிக் காட்டினால்தான் மதிப்பெண். விகிதத்தை அவர் அப்படித்தான் நடத்தினார்.

நான் இன்று அரசு மருத்துவமனையில் செவிலியர். இரவுப் பணியில் இருக்கிறேன் என்று வையுங்கள். 500 மில்லி குளுக்கோஸ், 4 மணி நேரத்தில் ஏற வேண்டும் என்று டாக்டர் எழுதிவிட்டுப் போகிறார். குளுக்கோஸ் ஏற்றும் குழாய் செட்டின் உறையில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்று போட்டிருக்கிறது. மொத்தம் 10,000 சொட்டு, 240 நிமிடம். நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 சொட்டு. ஒரு கையில் கடிகாரம், மறு கை சொட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் உருளையில். சொட்டு விழுவதைப் பார்த்து எண்ணிச் சரி செய்கிறேன். அடுத்த கட்டிலில் ஒரு குழந்தை. குழந்தைக்கு மாட்டும் செட்டில் ஒரு மில்லிக்கு 60 சொட்டு. சூத்திரத்தை நெட்டுருப் போட்டவளுக்கு இங்கே கை தடுமாறும். எனக்குத் தடுமாறுவதில்லை. எதை எதனால் பெருக்குகிறோம், ஏன் வகுக்கிறோம் என்று எட்டாம் வகுப்பிலேயே சிவப்பு மைக்குப் பதில் எழுதிவிட்டேன். அந்த வாத்தியாருக்கு என் பெயர் இன்று நினைவிருக்குமா என்று தெரியாது. ஆனால் ஒவ்வொரு இரவும் எனக்கு முன்பின் தெரியாத நோயாளிகளுக்கு அவர் நன்மை செய்துகொண்டிருக்கிறார்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத்தான் இந்த அணியில் நான் பேச ஒப்புக்கொண்டேன். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு வகுப்பில் பாடம் சரியாக நடக்கவில்லை என்றால் டியூஷன் இருக்கிறது. படித்த அப்பா இருக்கிறார், அக்கா இருக்கிறாள். எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைக்கு? என் தாய்க்கும் தகப்பனுக்கும் கையெழுத்துப் போடத் தெரியாது. அன்புக்கு எங்கள் வீட்டில் பஞ்சமே இல்லை. பாட்டி கொடுத்தாள், அத்தை கொடுத்தாள், பக்கத்து வீட்டுக்காரர்கள்கூடக் கொடுத்தார்கள். பின்னத்தைக் கூட்டிக் காட்ட மட்டும் தெருவிலேயே ஆள் இல்லை. அந்த 45 நிமிட வகுப்பு போனால் போனதுதான். ஏழைப் பிள்ளையிடம் அன்பாகப் பேசிவிட்டுப் பாடத்தை அரைகுறையாக நடத்தும் வகுப்பில் அந்தப் பிள்ளை மட்டும்தான் எல்லாவற்றையும் இழக்கிறது. பாவம், இதற்கு மேல் இதற்கு ஏறாது என்று இரங்கிப் பாதியில் விடுவதை நான் பரிவு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். உன்னால் முடியும், இன்னொரு முறை போடு என்று கரும்பலகைக்கு முன்னால் நிறுத்தி வைத்தவர்கள்தாம் எங்களுக்கு உண்மையான மதிப்புக் கொடுத்தவர்கள்.

மணி அடித்துவிட்டார்கள். முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் ஆசிரியர்களே, நாளைக் காலை நீங்கள் எடுக்கப்போகும் முதல் பாடவேளைக்கு இப்போதே என் வணக்கம். நடுவர் அவர்களே, தீர்ப்பு உங்கள் கையில். வாய்ப்புக்கு நன்றி கூறி அமர்கிறேன்.