பத்தடித் தெருவில் பட்டாசு

நேயர்களுக்கு வணக்கம்.

தீபாவளி நெருங்கினால் 'பாதுகாப்பாக வெடியுங்கள்' என்று எல்லாப் பக்கமும் சொல்வார்கள். எப்படி என்று கேட்டால் பதில் மழுப்பலாக இருக்கும். இன்று நான் ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு பேசப்போகிறேன்: தூரம். வெடிக்கும் இடத்துக்கும் மனிதர் நிற்கும் இடத்துக்கும் நடுவே எத்தனை அடி என்பது. பட்டாசுத் தொல்லையில் பெரும்பாலானவை அங்கேதான் தொடங்குகின்றன.

1999-இல் மத்திய அரசு போட்ட விதியின்படி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி அளந்தால் சத்தம் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது. நொடிப்பொழுது உச்சமாக அளந்தால் 145. நான்கு மீட்டர் என்றால் 13 அடி. நம் ஊர்ச் சந்துகள் பலவற்றின் மொத்த அகலமே பத்தடிதான். தெரு நடுவில் வைத்தால், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கும் வெடிக்கும் நடுவே இடைவெளி ஐந்தடி. தூரம் பாதியானால் சத்தம் 6 டெசிபல் ஏறும். ஐந்தடியில் எட்டுக்கு மேல் ஏறிவிடும். போதாததற்கு இரண்டு பக்கச் சுவரும் சத்தத்தைத் திருப்பி அடிக்கும். ஆகவே முறையாகச் சோதித்து விற்ற வெடியும் அந்தச் சந்துக்குள் வந்ததும் வரம்பை மீறிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளின் காதுக்குச் சொல்லும் உச்ச வரம்பு 120 டெசிபல், பெரியவர்களுக்கு 140. நம் விதியின் 145-ஐ இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

காதில் பஞ்சு வைப்பது வெறும் மன ஆறுதல். மருந்துக் கடையில் கிடைக்கும் நுரை அடைப்பானை உருட்டிச் செருகினால்தான் ஓரளவு பலன் உண்டு. வெடிச் சத்தத்துக்குப் பிறகு காதில் 'ஙொய்' என்ற இரைச்சலோ அடைப்போ மறுநாளும் தொடர்ந்தால், 'தானாகச் சரியாகிவிடும்' என்று தள்ளிப்போடாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள். கேட்கும் திறனைக் காப்பாற்ற முதல் சில நாட்கள்தான் முக்கியம்.

அடுத்து, காயம். கண்ணில் அடிபட்டு மருத்துவமனைக்கு வருகிறவர்களில் கணிசமானோர் திரியைக் கொளுத்தியவர்கள் அல்லர். வேடிக்கை பார்த்தவர்கள், தெருவில் நடந்து போனவர்கள். கொளுத்தியவருக்கு எப்போது ஓட வேண்டும் என்று தெரியும். முனை திரும்பி பைக்கில் வருபவருக்குத் தெரியாது. அதனால் வெடி வைப்பவர் ஒருவர் என்றால், தெருவின் இரு முனையையும் பார்க்க ஆள் வேண்டும். ஆள் இல்லையென்றால் அந்தத் தெருவில் வெடி வேண்டாம்.

சத்தமே போடாத புஸ்வாணம்தான் பலரை ஏமாற்றுகிறது. உள்ளே இறுக்கி அடைத்த மருந்து மேலிருந்து கீழாக மெல்ல எரிந்து, வாய் வழியாகப் பொறியைத் தள்ள வேண்டும். ஈரம் குடித்தோ, பெட்டியில் இடிபட்டோ அந்த மருந்து விரிசல் விட்டிருந்தால், தீ விரிசல் வழியே ஒரே பாய்ச்சலாக உள்ளே இறங்கும். அவ்வளவு வாயுவும் சிறிய வாய் வழியே வெளியேற முடியாமல் கூடு வெடிக்கும். மண்கூடாக இருந்தால் ஓட்டுச் சில்லுகள் பறக்கும். அந்த நேரத்தில் நம்மவர் என்ன செய்துகொண்டிருப்பார்? வாயை மூடிய காகிதத்தை நகத்தால் கிள்ளிவிட்டு, பற்றியதா இல்லையா என்று முகத்தை நேர் மேலே வைத்து எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். மூன்றடிக் குச்சியின் நுனியில் ஊதுபத்தியைக் கட்டி, பக்கவாட்டில் நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு கொளுத்தினால் இந்த விபத்தில் முகமாவது தப்பும். பற்றவில்லையா, அரை மணி நேரம் கிட்டே போகாதீர்கள். பிறகு தூரத்திலிருந்து ஒரு குடம் தண்ணீர். மறுபடி கொளுத்திப் பார்ப்பது கூடவே கூடாது.

கம்பி மத்தாப்பைக் குழந்தைப் பட்டாசு என்கிறோம். அதன் நுனி ஆயிரம் டிகிரி செல்சியஸை எட்டும். ஒளி அணைந்த பிறகுதான் அது இன்னும் மோசம்: கம்பி கறுத்துப்போய் ஆறியது போலத் தெரியும், ஆனால் சூடு போயிருக்காது. அதைத் தெருவில் வீசுகிறோம். அடுத்த வீட்டுப் பிள்ளை வெறுங்காலோடு ஓடி வந்து மிதிக்கிறது. ஒரு வாளியில் பாதி தண்ணீர் வைத்து, எரிந்த முனை கீழே இருக்கும்படி ஒவ்வொரு கம்பியையும் அதில் போடச் சொல்லுங்கள். எல்லோர் காலிலும் செருப்பு இருக்கட்டும். புது உடுப்பு பாலியஸ்டராகவோ நைலானாகவோ இருந்தால், அந்த ஒரு மணி நேரம் பழைய பருத்திச் சட்டைக்கு மாற்றிவிடுங்கள். செயற்கைத் துணி உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

ராக்கெட்டைப் பற்றி என் கருத்து கறாரானது: மாடி வீடுகள் நெருங்கிய தெருவில் அதற்கு இடமே இல்லை. காலி பாட்டில் சாய்ந்தால் அது படுக்கைவாக்கில் பாயும். திறந்த மைதானத்தில் விடுவதானாலும் பாட்டிலில் பாதிக்கு மணல் நிரப்பி, மண்ணில் புதைத்து நிறுத்துங்கள். மேலே மின்கம்பி, காய்ந்த மட்டை தொங்கும் தென்னை, சுற்றிலும் கூரை வீடு எதுவும் இருக்கக் கூடாது. வெடிக்காதவர்களும் மாடியில் காயும் துணியை எடுத்துவிடுங்கள். பால்கனியில் அட்டைப் பெட்டி அடுக்காதீர்கள். வண்டி மேல் போர்த்திய நைலான் உறையைக் கழற்றிவிடுங்கள். வண்டிக்குப் பாதுகாப்பு என்று போடும் உறைதான் முதலில் பற்றும்.

நாட்டு வெடி, வெங்காய வெடி பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. அவை தீ இல்லாமலே குலுங்கலிலும் உரசலிலும் வெடிக்கக்கூடியவை. 2021 தீபாவளி நாளில் விழுப்புரம் மாவட்டம் கோட்டக்குப்பத்தில், ஸ்கூட்டரில் நாட்டு வெடி கொண்டுபோன தந்தையும் சிறுவனான மகனும் வழியிலேயே இறந்தார்கள். வாங்கவே வாங்காதீர்கள்.

தீக்காயம் பட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிடம். இரண்டு நிமிடத்தில் எரிச்சல் குறைந்தது என்று எடுத்துவிடுகிறார்கள், தோலுக்கு அடியில் வெப்பம் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். வீங்குவதற்குள் மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். பேனா மை, பற்பசை, காப்பித்தூள், மஞ்சள், ஐஸ் எதுவும் வேண்டாம். பிறகு சுத்தமான பருத்தித் துணியால் தளர்வாக மூடி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

கண்ணுக்கு முறை வேறு. தூள் மட்டும் விழுந்திருந்தால் 15 நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவலாம். ரத்தம் தெரிந்தால், பார்வை மங்கினால், ஏதாவது குத்தி நின்றால் கழுவக் கூடாது, கசக்கக் கூடாது, சொட்டு மருந்தும் கூடாது. காகிதக் கோப்பையின் அடிப்பாகத்தை வெட்டிக் கண்ணுக்கு மேல் கவிழ்த்து, விளிம்பு எலும்பில் மட்டும் படும்படி ஒட்டுங்கள். அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் சாப்பிடக் கொடுக்காமல் அழைத்துப் போங்கள். அவசரத்துக்கு 108, தீ பிடித்தால் 101.

இனி நேரமும் சட்டமும். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வெடிக்க இரண்டு மணி நேரம்தான் என்றது. தமிழக அரசு அதைக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று பிரித்து வைத்தது. அதே தீர்ப்பு சரவெடியையும், சிவகாசியில் பச்சை உப்பு என்று சொல்லும் பேரியம் நைட்ரேட்டையும் தடை செய்தது. பெட்டியில் பசுமைப் பட்டாசு முத்திரையும் க்யூஆர் குறியீடும் இருக்கிறதா பாருங்கள். ஆனால் பசுமைப் பட்டாசு என்றால் புகை 30 சதவீதம் அளவுக்குக் குறைவு என்றுதான் பொருள். மீதிப் புகை உண்டு, சூடும் சத்தமும் உண்டு.

விடியற்காலை நாலு மணிக்கே எண்ணெய் தேய்த்துக் குளித்து வெடியோடு தெருவுக்கு வந்துவிடும் பழக்கம் நமக்கு. அந்த நேரத்தில் காற்று அசையாது. தரையோரக் குளிர் காற்றின் மேல் வெப்பக் காற்று மூடி போட்டதுபோல் உட்கார்ந்திருக்கும். புகை மேலே போகாமல் முதல் மாடி ஜன்னல் உயரத்திலேயே நிற்கும். ஆஸ்துமாக்காரர் உள்ள வீட்டில் வெடி தொடங்கும் முன்பே ஜன்னலைச் சாத்துங்கள். இன்ஹேலரில் மருந்து இருக்கிறதா என்று முந்தைய நாளே பாருங்கள். வெளியே போனால் என்95 முகக்கவசம். ஈரக் கைக்குட்டை இந்த நுண்துகளைத் தடுக்காது. நாயை ஆறு மணிக்கு முன்பே வெளியே கூட்டிப்போய் வந்து, உள்ளறையில் கட்டாமல் விட்டு, டிவியைச் சற்று சத்தமாக வையுங்கள். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகப் பல்லாண்டுகளாக வெடியே வெடிப்பதில்லை. ஒரு ஊரே செய்யும்போது, ஒரு தெரு இரண்டு மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்வதை நடக்காத காரியம் என்று சொல்ல முடியாது.

அண்டை வீட்டாரிடம் பேசுவதானால், வெடித்துக்கொண்டிருக்கும்போது போய்ச் சண்டை போடாதீர்கள். ஒரு வாரம் முன்பு, பலகாரம் கொடுக்கும் சாக்கில் போங்கள். 'வெடிக்காதீங்க' என்று சொன்னால் வீம்பு வரும். 'அம்மாவுக்கு நெஞ்சு சரியில்லண்ணே, நம்ம வாசல்ல வேண்டாம், அந்தக் காலி மனையில வெச்சுக்கலாமா' என்று இடத்தைக் காட்டிக் கேளுங்கள். குடியிருப்போர் சங்கம் இருந்தால், உள்ளாட்சி அனுமதியோடு ஒரு மைதானத்தில் எல்லோரும் சேர்ந்து வெடிக்கலாம்; மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே சொல்லும் வழி அது. அங்கே இரண்டு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல், நனைத்த சாக்கு இரண்டு. வெடிப்பவரைத் தவிர மற்றவர்கள் இருபதடிக்கு அப்பால். இதற்கெல்லாம் மசியாமல் நள்ளிரவில் வெடித்தால் 100-ஐ அழையுங்கள். நேரத்தை மீறுவது வழக்குப் பதியக்கூடிய குற்றம்.

மறுநாள் காலையையும் கவனியுங்கள். குப்பையைக் கிளறி, நமத்துப்போன வெடிகளைப் பொறுக்கி, பிரித்து, மருந்தைக் காகிதத்தில் கொட்டிக் கொளுத்துவது பிள்ளைகளின் பழைய விளையாட்டு. குவிந்த மருந்து குப்பென்று பற்றும்போது கையும் முகமும் அதன் மேலேயே இருக்கும். பிள்ளைகள் எழுவதற்கு முன் தெருவில் தண்ணீர் தெளித்துக் கூட்டி, வெடிக்காதவற்றை ஒரு நாள் முழுக்க வாளித் தண்ணீரில் ஊறவிடுங்கள். குப்பையை எரிக்காமல் தனிப் பையில் கட்டித் தூய்மைப் பணியாளரிடம் பட்டாசுக் குப்பை என்று சொல்லிக் கொடுங்கள். சென்னையில் மாநகராட்சி அதைத் தனியாகவே சேகரித்து, கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயகரமான கழிவுகளுக்கான மையத்துக்கு அனுப்புகிறது.

வணக்கம்.