திறக்க வருமா என்று முதலில் கேளுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். நான் டெக்சாஸில் வசிக்கிறேன். வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை காலையில் இலக்குச் சுடும் திடலுக்குப் போகிறவன். அங்கே புதிதாகச் சேருகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுண்டு: “பாயின்ட் 22 கைத்துப்பாக்கி வாங்கிவிட்டேன், அதற்கு முதல் சப்ரஸராக எதை வாங்கலாம்?” பாயின்ட் 22 என்பது குழலின் உள்விட்டம், அங்குலக் கணக்கில். சப்ரஸர் என்பது குழல் நுனியில் மாட்டிச் சத்தத்தைக் குறைக்கும் குழாய். பலர் சைலன்சர் என்று சொல்வதும் அதைத்தான். இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

மோட்டார் சைக்கிளில் இருப்பதை நாம் சைலன்சர் என்கிறோம் அல்லவா? துப்பாக்கிச் சைலன்சரும் அதுவும் ஒரே குடும்பம். ஹைரம் பெர்சி மாக்சிம் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1909இல் துப்பாக்கிச் சைலன்சருக்குக் காப்புரிமை பெற்றார். அதே தத்துவத்தை எஞ்சின்களின் புகைபோக்கிக்கும் கொண்டுபோனார். அவருடைய தந்தைதான் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியை உருவாக்கியவர். அந்த இரைச்சலிலேயே காது மந்தமானவர். மகனுக்கு இன்னொரு முகமும் உண்டு. 1914இல் அமெச்சூர் வானொலிக்காரர்களுக்காக அமெரிக்கன் ரேடியோ ரிலே லீக் என்ற சங்கத்தை நிறுவியவர்களில் அவர் ஒருவர். அவருடைய டபிள்யூ 1 ஏ டபிள்யூ என்ற அழைப்புக் குறியில் அச்சங்கத்தின் நிலையம் இன்றும் ஒலிபரப்புகிறது. அவரைப் பற்றி வானொலியிலேயே பேசக் கிடைத்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

சைலன்சர் என்ற பெயர்தான் பலரை ஏமாற்றுகிறது. சத்தம் மறைவதில்லை, குறைகிறது. குண்டுக்குப் பின்னால் சீறி வரும் சூடான வாயுவைச் சின்னச் சின்ன அறைகளில் தேக்கி, ஆறவைத்து, மெதுவாக வெளியே விடுகிறது. பாயின்ட் 22 கைத்துப்பாக்கி வெறுமனே சுட்டால் சுமார் 155 முதல் 160 டெசிபல். ஒரே வெடிப்பிலேயே செவியைக் கெடுக்கக்கூடியது என்று 140 டெசிபலை எல்லையாக வைத்திருக்கிறார்கள். நல்ல சப்ரஸர் மாட்டினால் அது 115 டெசிபலை ஒட்டி இறங்கும். அதுவும் பலத்த ஓசைதான். பக்கத்து மேடையில் சுடுகிறவரிடம் சப்ரஸர் இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். நான் காதுக்கவசத்தைக் கழற்றுவதே இல்லை.

இனி தேர்வுக்கு வருகிறேன். கடைக்குப் போனால் எத்தனை டெசிபல் குறையும், எத்தனை அங்குல நீளம் என்றுதான் எல்லோரும் விசாரிக்கிறார்கள். நீங்கள் முதலில் கேட்க வேண்டியது வேறு: “இதை நானே திறந்து கழுவ முடியுமா?”

காரணம் இருக்கிறது. பாயின்ட் 22 தோட்டா ரிம்ஃபயர் வகை, அதாவது அடிவிளிம்பில் அடி விழுந்து வெடிப்பது. அதன் குண்டு பெரும்பாலும் வெறும் ஈயம். மிஞ்சினால் மேலே மெல்லிய செம்புப் பூச்சு இருக்கும். ரைபிள் குண்டுக்கு இருப்பதுபோல் தடித்த உலோக உறை கிடையாது. விளிம்புக்குள் அடைத்திருக்கும் பற்றவைக்கும் மருந்திலும் வழக்கமாக ஈயச் சேர்மம் உண்டு. ஒவ்வொரு முறை சுடும்போதும் ஈயத் துகளும் கரியும் எரியாத மருந்தும் சப்ரஸருக்குள் போய் ஒட்டிக்கொள்கின்றன. பெரிய ரைபிளின் வெப்பமும் அழுத்தமும் அழுக்கில் ஒரு பகுதியையாவது வெளியே தள்ளிவிடும். பாயின்ட் 22க்கு அந்த வேகம் கிடையாது. உள்ளே போனது உள்ளேயே தங்கிவிடும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2019இல் ஒரு கடையில், “இது 9 எம்எம்முக்கு, 22க்கும் ஆகும், ஒன்றே போதும்” என்று சொல்லி, வெல்டிங் செய்து மூடிய சப்ரஸர் ஒன்றை விற்றார்கள். 200 டாலர் வரி கட்டி, அனுமதிக்காகப் பல மாதங்கள் காத்திருந்து வாங்கினேன். வாங்கிய அன்று சமையலறைத் தராசில் 340 கிராம் இருந்தது. ஏறக்குறைய 2000 குண்டுகள் சுட்ட பிறகு அதே தராசில் வைத்தேன். 385 கிராம். கூடிய 45 கிராமும் ஈயமும் கரியும். குலுக்கினால் உள்ளே ஏதோ உருளும் ஓசை. திறக்க வழியே இல்லை. அன்று எனக்கு வந்த கோபம் சாதாரணமானதல்ல.

அப்படி அடைத்துக்கொண்டால் சிலர் வினிகரையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கலந்து ஊற்றி ஊறவைக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தக் கலவையில் ஈயம் கரைந்து லெட் அசிடேட் என்ற நஞ்சாகிறது. அலுமினியத்தையும் அது அரித்துவிடும்.

ஆகவே முதல் சப்ரஸர், ரிம்ஃபயருக்கென்றே செய்த, பிரித்துக் கழுவக்கூடிய ஒன்றாக இருக்கட்டும். உள்ளமைப்பில் இரண்டு வகை பரவலாகக் கிடைக்கின்றன. ஒன்று, ஒரே உலோகத் துண்டைக் குடைந்து செய்த மோனோகோர். மற்றது, கிண்ணங்களை அடுக்கியதுபோன்ற தடுப்புகள். மோனோகோரில் உதிரிகள் குறைவு, ஆனால் அழுக்கு முற்றினால் குழாய்க்குள் இறுகிப் பிடித்துக்கொண்டு வெளியே வராது. சைலன்சர்கோ நிறுவனத்தின் ஸ்பாரோ இதற்கு அழகான தீர்வு கண்டது. நடுத்துண்டைச் சுற்றி இரண்டு அரைக்குழாய்கள், அதற்கு மேலே வெளிக்குழாய். வெளிக்குழாயை உருவிவிட்டால் இரண்டு பாதிகளும் வேர்க்கடலைத் தோடு போலப் பிரிந்துவிடும். கிண்ண அடுக்கு வகையில் முதல் குண்டின் சத்தம் கொஞ்சம் அடங்கியிருக்கும் என்பது என் அனுபவம். எந்த வகையானாலும், உள்ளே இருக்கும் காற்றின் ஆக்சிஜனால் முதல் குண்டு மட்டும் சற்று உரக்க வெடிக்கும். அதற்கடுத்தவை அடங்கிவிடும்.

உலோகத்தில் கைத்துப்பாக்கிக்கு எடைதான் முக்கியம். குழல் நுனியில் 200 கிராம் தொங்கினால் பத்தாவது நிமிடத்தில் மணிக்கட்டு சொல்லிவிடும். அலுமினியம் இலேசு, ஆனால் கடுமையான கழுவலைத் தாங்காது. முதல் சப்ரஸருக்குத் துருப்பிடிக்காத எஃகுத் தடுப்புகளும் டைட்டானியக் குழாயும் கொண்டதைத்தான் நான் சொல்வேன். விலை கூடும், கூடட்டும்.

அடுத்து, சப்ரஸரைத் திருகி மாட்டும் மரையைப் பாருங்கள். ரூகர் மார்க் 4, ப்ரௌனிங் பக் மார்க் போன்றவற்றில் மரை வெட்டிய குழலுள்ள மாதிரிகள் கிடைக்கின்றன. அமெரிக்காவில் வழக்கமான அளவு அரை அங்குல விட்டம், அங்குலத்துக்கு 28 சுற்று. வால்தர் பி22 போன்றவற்றுக்கு இடையில் ஓர் அடாப்டர் தேவை. இந்தத் துப்பாக்கிகளில் குழல் அசையாமல் நிலைத்திருப்பதால், 9 எம்எம் துப்பாக்கிகள் பலவற்றுக்கு வேண்டிய ஸ்பிரிங்கும் பிஸ்டனும் இவற்றுக்கு வேண்டாம். அந்த எடையும் செலவும் மிச்சம்.

தோட்டாவில் அதிவேக வகையை விட்டுவிட்டு, நொடிக்கு ஏறத்தாழ 325 மீட்டர் போகும் ஸ்டாண்டர்டு வகையை வாங்குங்கள். ஒலியின் வேகம் சுமார் 343 மீட்டர். அதைத் தாண்டும் குண்டு காற்றைக் கிழித்து எழுப்பும் ஓசையை எந்தச் சப்ரஸராலும் தடுக்க முடியாது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1934ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த 200 டாலர் வரி, 2026 ஜனவரி 1 முதல் இல்லை. ஆனால் விண்ணப்பம், கைரேகை, புகைப்படம், கூட்டரசின் ஒப்புதல் எல்லாம் அப்படியே இருக்கின்றன. கலிபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி, இல்லினாய் உள்ளிட்ட எட்டு மாநிலங்களில் பொதுமக்கள் வைத்திருக்கவே முடியாது.

இப்போது என்னிடம் இருப்பதை ஒவ்வொரு 300 குண்டுக்கும் ஒருமுறை பிரிக்கிறேன். வீட்டுக்கு வெளியே, நைட்ரில் கையுறையோடு, பழைய செய்தித்தாளை விரித்து. ஒவ்வொரு கிண்ணத்தின் விளிம்பிலும் பென்சில் கரி நிறத்தில் ஒரு படலம் இருக்கும். மரக்குச்சியால் சுரண்டினால் ஈயம் செதில் செதிலாக விழும். அந்தச் செதில்கள், துடைத்த துணி, கையுறை, செய்தித்தாள் எல்லாம் மூடி போட்ட டப்பாவுக்குள் போய், நகரத்தின் அபாயக் கழிவு சேகரிப்பு நாளில் ஒப்படைக்கப்படும். கையைக் குளிர்ந்த நீரிலும் சோப்பிலும் கழுவி, சட்டையை மாற்றிய பிறகுதான் என் மகளைத் தூக்குகிறேன்.